மாரேட்பள்ளி மாமா போட்ட டைம் டேபிள்

செகந்திராபாத்தில் ஒரு மாமா இருந்தால் போதும்; தமிழ்நாட்டுச் சொந்தங்களுக்கு ராமோஜி ஃபிலிம் சிட்டி தவறாமல் ஞாபகத்துக்கு வந்துவிடும். அதே மாமாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு ‘லீவு கிடைக்கலை’ என்று போனிலேயே ஆசீர்வாதம் வாங்கிக்கொண்டவர்களுக்கு, பிள்ளைகளின் அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் லீவு கேட்காமலே கிடைத்துவிடும்.

இங்கே சொல்லப்போகும் மாமா வெஸ்ட் மாரேட்பள்ளிவாசி. தென்மத்திய ரயில்வேயில் கால அட்டவணைப் பிரிவில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். 1966 அக்டோபர் 2 அன்று உருவான அந்த மண்டலத்தின் தலைமையகக் கட்டடத்துக்கு ‘ரயில் நிலையம்’ என்றே பெயர். ஒரு ரயிலும் வந்து நிற்காத நிலையம் அது, வெறும் ஆபீஸ். “அண்ணாவுக்கு ரயில் நிலையத்துல வேலை” என்று தங்கை தாம்பரத்தில் சொல்லிவைத்ததில், அக்கம்பக்கத்தார் அவரை வெகுகாலம் டிக்கெட் பரிசோதகர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். சிலர் வெயிட்டிங் லிஸ்ட் எண்ணைக்கூட அனுப்பிவைத்தார்கள்.

இந்த ஊரில் இப்படிப்பட்ட மாமாக்கள் அதிகம். மூன்றாம் நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரை 1806-இல் வாங்கிக்கொண்ட ராணுவக் குடியிருப்புதான் செகந்திராபாத். பட்டாளத்தின் பின்னால் வந்தவர்கள், ரயில்வேயின் பின்னால் வந்தவர்கள், லாலாகூடா பணிமனைக்கு வந்தவர்கள் என்று தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே தங்கிவிட்டன. மாரேட்பள்ளி, பத்மாராவ் நகர் பக்கம் காலையில் நடந்தால் ஃபில்டர் காபி வாசனையை வைத்தே வீட்டு எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம்.

தங்கை குடும்பம் ‘வர்றோம்’ என்று சொன்னதும் மாமா முதலில் மாதத்தைத் தீர்மானித்தார். மே வேண்டாம். ஹைதராபாத் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். ஃபிலிம் சிட்டியோ திறந்தவெளி. பொங்கலுக்கு வருகிறோம் என்றார் மாப்பிள்ளை. அதைக் கேட்டதும் மாமாவுக்கு ரத்த அழுத்தமே ஏறிவிட்டது. சங்கராந்திக்கு ஆந்திராவுக்குப் புறப்படும் கார்களில் பெரும்பகுதி எல்.பி. நகர், ஹயாத்நகர் வழியாக விஜயவாடா நெடுஞ்சாலையில்தான் போகும். ஃபிலிம் சிட்டி இருப்பதும் அதே சாலையில்தான். அதைத் தாண்டிப் பந்தங்கி சுங்கச்சாவடியில் நிற்கும் வரிசையை ஒவ்வொரு ஜனவரியிலும் தெலுங்குச் சேனல்கள் மேலிருந்து படமெடுத்துக் காட்டும். “அந்த வரிசையில நிக்கறதுக்கு நீங்க தாம்பரத்துலேர்ந்து வரணுமா மாப்பிள்ளை? பெருங்களத்தூரே போதுமே” என்றார் மாமா. அதன் பிறகு டிசம்பருக்கு மறுபேச்சு இல்லை.

இனி டைம் டேபிள். ரயில்வேயில் ஓடும் நேரத்துக்கு மேலே ‘ரிகவரி டைம்’ என்று கொஞ்சம் நிமிடங்களைச் சொருகிவைப்பார்கள், பெரும்பாலும் பெரிய ஸ்டேஷன்களுக்குச் சற்று முன்னால். வழியில் ஏற்பட்ட தாமதத்தை வண்டி அதில் ஈடுகட்டிக்கொள்ளும். தாமதமே இல்லாமல் வந்துவிட்டால் ஊருக்கு வெளியே நின்று பயணிகளிடம் திட்டு வாங்கும். அந்தத் திட்டுக்கெல்லாம் பொறுப்பான பிரிவில் இருந்தவர் என்பதால், மாமா தம் அட்டவணையில் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக ரிகவரி டைம் போட்டிருந்தார். தங்கைக்குப் புடவை கட்ட 20 நிமிடம். மாப்பிள்ளைக்குப் பேப்பரோடு கழிப்பறைக்குள் 25. எல்.கே.ஜி. படிக்கும் பெண்ணுக்குக் காரணம் குறிப்பிடாமல் 40. மாப்பிள்ளையின் தாயார், அதாவது சம்பந்தியம்மாவின் பெயருக்கு எதிரே மட்டும் மரியாதை கருதி ஒன்றும் எழுதவில்லை. அவர் எல்லோருக்கும் முன்னால் குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, மற்றவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார் என்பது பிறகுதான் தெரிந்தது.

சார்மினார் எக்ஸ்பிரஸ் மாலையில் தாம்பரத்தைவிட்டுக் கிளம்பி மறுநாள் காலையில் செகந்திராபாத் பக்கம் கொண்டுவந்து சேர்க்கும். பகல் முழுக்கத் தூங்கி எழுந்தால் கையில் ஒரு முழு மாலை நேரம். உல்லாசப் பூங்காப் பயணங்கள் பெரும்பாலும் இந்த முதல் மாலையில்தான் கெட்டுப்போகின்றன. யாரும் பூங்காவுக்குள் கெடுப்பதில்லை.

ஏனென்றால் ஏழு பேருக்கு ஏழு மாலை தேவைப்பட்டது. தங்கைக்குச் சார்மினார் பக்கத்துப் பத்தர்கட்டியில் முத்து வாங்க வேண்டும், அப்படியே லாட் பஜாரில் வளையல். மாப்பிள்ளைக்கு 1953-இல் ஒரு தியேட்டரை ஒட்டிய சிறு கடையாகத் தொடங்கிய பாரடைஸில் பிரியாணி. பையனுக்குப் பனிவீடு: லோயர் டாங்க் பண்டு பக்கம் 2004-இல் வந்த ஸ்னோ வேர்ல்டில், உறைநிலைக்கும் கீழே செயற்கைப் பனியில் சறுக்க வேண்டும். சின்னவளுக்குப் ‘பெரிய புத்தர்’. மாமாவின் மனைவியான அத்தைக்கு எல்லோரும் எங்கேயாவது போய்விட்டு வந்தால் சரி, சமையலறை ஒழியும். பாட்டிக்கு, அதாவது சம்பந்தியம்மாவுக்கு, பத்மாராவ் நகர் ஸ்கந்தகிரி முருகன். மாமாவுக்கு எல்லோரும் ஒன்பது மணிக்குப் படுக்க வேண்டும்.

மாமா ஒவ்வொன்றாக வெட்டினார். “சார்மினார் 1591-லேர்ந்து அங்கேயேதான் நிக்கறது. நாளை மறுநாள் போனாலும் இருக்கும்” என்று தங்கையைக் கவிழ்த்தார். டிசம்பர் இரவில் வெளியிலேயே குளிர் நடுக்கும்போது, காசு கொடுத்துக் குளிருக்குள் போவானேன் என்று பையனைக் கவிழ்த்தார். குரங்குக் குல்லாயோடு ரயிலிலிருந்து இறங்கிய மாப்பிள்ளை அதற்கு ஆதரவு. பிரியாணிக்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. “ராத்திரி பத்து மணிக்கு உள்ள போறதை, காலைல பத்து மணிக்கு ராட்டினம் வெளிய கொண்டு வந்துடும் மாப்பிள்ளை. அப்புறம் உங்க இஷ்டம்.” மாப்பிள்ளை இட்லிக்கு ஒப்புக்கொண்டார். ஊருக்குப் போகும் நாளில் பிரியாணி பார்சல் என்பது ஒப்பந்தத்தின் துணை ஷரத்து.

மிஞ்சியது முருகனும் புத்தரும். ஸ்கந்தகிரி பக்கம்தான்; பாட்டி கண்ணை மூடித் திறப்பதற்குள் தரிசனம் முடிந்தது. அங்கிருந்து ஹுசைன்சாகர். லும்பினி பூங்காவிலிருந்து புத்தர் நிற்கும் மேடைக்குப் படகு போகும். டிக்கெட் வரிசையில் நிற்கும்போது மாமாவுக்குள் இருந்த வரலாற்று ஆசிரியர் விழித்துக்கொண்டார். என்.டி. ராமாராவ் முதல்வராக இருந்தபோது தொடங்கிய வேலை, ஒற்றைக் கல்லில் செதுக்கிய சிலை, 1990 மார்ச்சில் மிதவையில் ஏற்றிக்கொண்டு போகும்போது சரிந்து ஏரிக்குள் விழுந்தது, உயிர்ச்சேதம் ஆனது, சிலை தண்ணீருக்கு அடியில் கிடந்து 1992 டிசம்பரில்தான் மேடை ஏறியது என்று ஒன்றுவிடாமல் சொன்னார். ஆறாம் வகுப்புப் பையன் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டான்: “இதே தண்ணியிலயா மாமா?” படகுப் பயணம் ரத்து. கரையிலிருந்தே புத்தரைக் கும்பிட்டுவிட்டு, சோளக்கதிர் வாங்கிக்கொண்டு, எட்டரை மணிக்கு வீடு. எல்லோரும் ஒன்பதுக்குப் படுக்க வேண்டும் என்ற மாமாவின் திட்டத்தை அவருடைய வாயே நிறைவேற்றிக் கொடுத்தது.

படுப்பதற்கு முன்னால் ஒரு வழக்கு மிச்சமிருந்தது. முதல் நாள் ராமோஜியா, வொண்டர்லாவா?

கொச்சியில் வீகாலாண்டாக 2000-இல் ஆரம்பித்து, பெங்களூரு போய், 2016-இல் ஹைதராபாத் வெளிவட்டச் சாலை ஓரம் ராவிர்யாலாவுக்கு வந்தது வொண்டர்லா. போன பாதையிலேயே பின்னோக்கியும் தலைகீழாகச் சுற்றிக்கொண்டு வரும் ‘ரீகாயில்’ என்ற ரயில் அங்கே உண்டு. பின்னோக்கி ஓடும் ரயில் என்ற செய்தியே மாமாவுக்குத் தொழில்ரீதியாக உவப்பாக இல்லை. மாப்பிள்ளையோ பழைய ஆள். கடற்கரைச் சாலை வி.ஜி.பி.யில் சிலை மனிதனைச் சிரிக்கவைக்கப் பார்த்துத் தோற்றவர். 1995-இல் நவோதயா அப்பச்சன் தாம்பரம் பக்கம் திறந்த கிஷ்கிந்தாவின் அலைக் குளத்தில் ஒரு செருப்பைப் பறிகொடுத்தவர். அவருக்கு வொண்டர்லா என்பது அந்தச் செருப்பைத் தேடிப் போகும் யாத்திரை.

சிக்கல் பையனின் உயரத்தில் இருந்தது. இந்தப் பூங்காக்களில் பிள்ளைகளின் வயதைக் கேட்பதில்லை, உயரத்தைப் பார்க்கிறார்கள். மூன்று வயது என்று ஏழு வருஷமாகச் சொல்லிப் பழகிய பெற்றோருக்கு இது பெரிய அடி. வொண்டர்லாவில் 140 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் குழந்தைக் கட்டணம். பயங்கரமான பெரிய சவாரிகளுக்கும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் கோடு. அத்தையின் தையல் டேப்பில் பையன் 139. டிக்கெட் கவுன்டரில் அப்பாவுக்காகக் குனிய வேண்டும், ரீகாயில் வாசலில் தனக்காக நிமிர வேண்டும். ஒரே நாளில் ஒரே பிள்ளை இரண்டு உயரமாக இருப்பது எப்படி என்று தகப்பனும் மகனும் நிலைக்கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தார்கள். தலைமுடியை அளவில் சேர்ப்பார்களா என்று தங்கை கேட்டாள்.

தீர்ப்பு பாட்டியின் முழங்காலிலிருந்து வந்தது. “எனக்குக் கால் ஒரு நாளைக்குத்தான்பா தாங்கும். அது எந்த நாள்னு சொல்லிடுங்கோ.”

இந்தப் பயணத்தில் யாராவது புத்திசாலித்தனமாகப் பேசினார்கள் என்றால் அது இந்த ஒரு வாக்கியம்தான். பிள்ளைகள் இரவு தூங்கி எழுந்தால் புதிதாகிவிடும். பெரியவர்களின் கால் அப்படி இல்லை. அதனால் முதல் நாளைப் பெரியவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். இரண்டாம் நாள் அவர்கள் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இருக்க, பிள்ளைகளும் தகப்பனும் தலைகீழாகத் தொங்கிவிட்டு வரலாம். பெரும்பாலான குடும்பங்கள் இதை மாற்றிச் செய்கின்றன. முதல் நாளே ராட்சத ராட்டினம், இரண்டாம் நாள் பாட்டிக்கு வலி மாத்திரை. முதல் நாள் ராமோஜி என்று முடிவானது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வேன். ஒன்பதுக்குத் திறக்கும்போது வாசலில் நிற்க வேண்டும். மாமாவின் முதல் யோசனை மெட்ரோ: பரேட் கிரவுண்டில் பச்சைத் தடம் ஏறி, எம்.ஜி.பி.எஸ்.ஸில் இறங்கி, சிவப்புத் தடத்தில் எல்.பி. நகர், அங்கிருந்து பஸ். தனியாள் போக அருமையான வழி. பாட்டி, சின்னவள், ஆறு பை, ஒரு சம்படம் என்று எண்ணிப் பார்த்ததும் ரயில்வேக்காரரே சாலைக்கு மாறினார்.

வீட்டில் இருந்ததோ ஒரே கழிப்பறை, ஒரே கீசர். இதில் மாமாவுக்கு ஒரு பெரிய துணை உண்டு. 1955 ஜூலை 17 அன்று கலிஃபோர்னியாவில் டிஸ்னிலாண்ட் திறக்கப்பட்டபோது பிளம்பர்கள் வேலைநிறுத்தம். குடிநீர்க் குழாய், கழிப்பறை, இரண்டில் ஒன்றுக்குத்தான் குழாய் வேலை முடியும் என்ற நிலை. வால்ட் டிஸ்னி யோசிக்காமல் கழிப்பறையைத் தேர்ந்தெடுத்தார். அழைத்தது சுமார் 15,000 பேரை. கள்ள டிக்கெட்டும் சேர்ந்து வந்ததோ கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வெயிலில் இளகிய புதுத் தாரில் பெண்களின் குதிகால் செருப்பு புதைந்தது. இத்தனையும் அமெரிக்கா முழுக்க டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு. உலகத்தின் மிகப் புகழ்பெற்ற பூங்காவுக்கே முதல் நாள் இப்படி என்றால், மாரேட்பள்ளியில் வேன் 7.50-க்குக் கிளம்பியதைப் பெரிது பண்ண வேண்டியதில்லை. மாமா பண்ணவும் இல்லை. ரிகவரி டைமில் இன்னும் 35 நிமிடம் இருப்பதாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னார்.

தார்நாகா, உப்பல், நாகோல், எல்.பி. நகர். ஹயாத்நகர் தாண்டியதும் சம்படம் திறந்தது. வெளிச் சாப்பாடு உள்ளே கூடாது என்பது இந்த மாதிரிப் பூங்காக்களின் பொது விதி. இதைச் சம்பந்தியம்மாவிடம் யார் சொல்வது என்பதில் முந்தின இரவே வீட்டில் மௌனப் போராட்டம் நடந்திருந்தது. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து புளியோதரை கிளறியவரிடம் விதி பேச யாருக்குத் தைரியம் வரும்? மாமா அதை டைம் டேபிளில் ‘டெக்னிகல் ஹால்ட்’ என்று எழுதிவிட்டார். சாலையோரம் வேனை நிறுத்தி, காலையிலேயே மதியச் சாப்பாட்டை முடித்தார்கள். தயிர்சாதம் டிரைவருக்கு.

ஃபிலிம் சிட்டியைக் கட்டியவர் செருக்கூரி ராமோஜி ராவ். 1974-இல் விசாகப்பட்டினத்தில் ‘ஈநாடு’ நாளிதழைத் தொடங்கியவர். பிரியா ஊறுகாய், மார்கதர்சி சிட் ஃபண்டு எல்லாம் அவருடைய குழுமம்தான். “ஊறுகாய் வித்தே இவ்வளவு பெரிய ஊரைக் கட்டிட்டாரா!” என்று அத்தை அசந்துபோனாள். 1996-இல் திறந்த இந்த வளாகத்தைப் பரப்பில் உலகத்திலேயே பெரிய படப்பிடிப்பு வளாகம் என்று கின்னஸ் பதிவு செய்திருக்கிறது. கதையோடு உள்ளே வந்தால் படத்தோடு வெளியே போகலாம் என்பதுதான் அவர் நினைப்பு. 2024 ஜூனில், 87 வயதில் மறைந்தார். ரஜினியின் ‘அண்ணாத்த’ படப்பிடிப்பு 2020 டிசம்பரில் இங்கேதான் நடந்தது. குழுவில் சிலருக்குக் கொரோனா வந்து பாதியில் நின்றது. பையனுக்கு அதெல்லாம் வேண்டாம். மகிழ்மதி எங்கே என்று கேட்டான். ‘பாகுபலி’க்குப் போட்ட செட் இன்னும் அங்கே பார்வைக்கு இருக்கிறது.

உள்ளே போனதும் மாமாவின் அட்டவணைக்கு வேலை இல்லாமல் போனது. சிவப்புப் பஸ்ஸில் ஏற்றி, வழிகாட்டி ஒருவரை உடன் அனுப்பி, எதற்குப் பின் எது என்பதை அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். லண்டன் தெரு, ஜெயில், விமான நிலையம், ஆஸ்பத்திரி. ஒரே கட்டடம் இந்தப் பக்கம் ஒரு வேஷம், அந்தப் பக்கம் வேறு வேஷம். வழிகாட்டி தெலுங்கிலும் இந்தியிலும் சொன்னதை மாமா தமிழில் இன்னும் நீளமாகச் சொன்னார்.

பிறகு ரயில்வே ஸ்டேஷன் வந்தது. படத்துக்குப் படம் பெயர்ப்பலகையை மாற்றிக்கொள்ளும் ஸ்டேஷன். நிற்கும் ரயில் எங்கேயும் புறப்படாது. எல்லோரும் ஜன்னலில் தலையை நீட்டிப் படம் எடுத்துக்கொண்டிருக்க, மாமா மட்டும் பிளாட்பாரத்தைத் தனியாக ஆய்வு செய்தார். கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று பலகையில் இல்லையே, ஸ்டேஷன் மாஸ்டர் அறை இந்தக் கோணத்தில் இருந்தால் சிக்னல் எப்படித் தெரியும், தண்ணீர்க் குழாய் எங்கே? வழிகாட்டி பையன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், பேக் அப் ஆயிடுச்சு, பஸ் கிளம்புது” என்றான். அரைகுறைத் தமிழ்தான். ஆனால் வண்டி கிளம்புகிறது என்று மாமாவுக்கே ஒருவர் அறிவிப்புக் கொடுத்த நாள் அது.

பாட்டிக்குப் பாகவதம் செட். தொலைக்காட்சித் தொடருக்காகப் போட்ட அரண்மனையும் சிம்மாசனமும். உள்ளே நுழையும்போதே செருப்பைக் கழற்றிவிட்டார். “பாட்டி, எல்லாம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்” என்றான் பேரன். “கோவில்ல மட்டும் என்னடா, கல்தானே” என்று சொல்லிவிட்டு நின்று கும்பிட்டார். உண்டியல் எங்கே என்று கேட்டபோதுதான் மாப்பிள்ளை இடையில் புகுந்தார்.

சின்னவளுக்கு ஃபண்டுஸ்தானில் நேரம் போனதே தெரியவில்லை. கிளிகளையும் பட்டாம்பூச்சிகளையும் பார்த்துவிட்டு, இருட்டும் வேளையில் மாமாவின் தோளில் தூங்கிவிட்டாள். அவளுக்கென்று ஒதுக்கிய 40 நிமிடத்தில் அவள் ஒரு நிமிடத்தைக்கூடத் தொடவில்லை. மொத்தத்தையும் செலவழித்தவர் மாப்பிள்ளை. வைல்டு வெஸ்ட் சண்டைக் காட்சியை மறுபடியும் பார்த்தே தீருவேன் என்று அடம்பிடித்துவிட்டார்.

டிசம்பரில் முதல் தடவை போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சூரியன் இறங்கியதும் அந்த வெட்டவெளியில் குளிர்காற்று அடிக்கும். ஸ்வெட்டரை வேனில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். முழங்கால் பிரச்சினை உள்ளவர்களைப் பஸ்ஸில் முதலில் ஏற்றி வாசல் பக்கமே உட்காரவையுங்கள். ஏறி இறங்கும் இடங்கள் நிறைய. மே மாதம்தான் முடியும் என்கிறவர்கள், வரிசையை மாற்றி வொண்டர்லாவின் தண்ணீர்ப் பக்கமாகப் போவதே நல்லது. தண்ணீர் விளையாட்டுகளில் வேட்டி, புடவையோடு இறங்க விடமாட்டார்கள், நைலான் உடைதான். அதை ஊரிலேயே வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.